குரங்கணி ஜீப்பும் எல்இடி பல்பும்: வெளிச்சம் கூடினால் போதுமா?

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போனால் முந்தல். அங்கே ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொட்டகுடி ஆற்றுப் பக்கமாகக் குரங்கணிக்குப் போகும். மற்றொன்று கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தொட்டு, அந்தப் பக்கம் கேரளாவின் பூப்பாறைக்கு இறங்கும்.

2018 மார்ச் மாதக் காட்டுத்தீயோடுதான் குரங்கணி என்ற பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது விடியுமுன் எழுந்து தோட்ட வேலைக்குக் கிளம்புகிறவர்களின் ஊர். ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை வரைக்கும் போகும். மலையில் மழையும் பனிமூட்டமும் இருக்கிற மாதங்களும் ஏறக்குறைய அவைதான். காய் பழுக்கும்போது பனி விலகட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால் அதிகாலை ஐந்து மணிக்கெல்லாம் ஜீப்புகள் ஆளை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. இறங்கி வரும்போது மறுபடி இருட்டு. நாளுக்கு இரண்டு முறை, இரண்டு முறையும் விளக்கை நம்பித்தான்.

அப்படி ஜீப் ஓட்டுகிறவர்களில் ஒருவர் குரங்கணிக்காரர். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வண்டிக்கும் இருபது வயதுக்கு மேல். பழைய மஹிந்திரா ஜீப், முன்னால் ஏழு அங்குல வட்ட விளக்கு இரண்டு, உள்ளே ஹாலஜன் பல்பு. வண்டியில் வருகிற பெண்கள் பாதிப் பேர் அவருக்கு முறைக்காரர்கள். மதினி, அத்தாச்சி, தங்கச்சி என்று யாரைக் கூப்பிட்டாலும் திரும்புவார்கள். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது வேறு பஞ்சாயத்து. அதை இங்கே பேசினால் பல்பைப் பேச இடம் இருக்காது.

போன சீசனிலிருந்தே அவருக்கு ஒரு குறை. முன்பு தெரிந்த மாதிரி ரோடு தெரிவதில்லை. பனிமூட்டத்தில் வளைவின் ஓரக்கல் கண்ணுக்குப் படுவதற்குள் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டியிருக்கிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண் டாக்டரிடமும் காட்டினார். கண்ணில் பெரிய கோளாறு இல்லை, வயசு மட்டும்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஒரு பக்கம் மஞ்சளாக அழுகிற ஹாலஜன், மறுபக்கம் பளீரென்ற எல்இடி. "பழைய பல்பைக் கழற்றி இதைச் செருகினால் போதும்" என்றது வீடியோ.

பக்கத்து ஜீப்காரர் ஏற்கெனவே மாற்றிவிட்டார். "எனக்குப் பகல் மாதிரி தெரியுது மாப்ள. நீயும் போடு" என்பது அவர் சிபாரிசு. அவருக்குத் தெரிகிறது என்பதில் சந்தேகமில்லை. அவருக்கு எதிரே போகிறவர்களுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கேள்வி. மலையில் இந்தக் கேள்வி தினமும் இரண்டு முறை உயிரோடு விளையாடுகிறது.

போடியில் உள்ள ஒரு வயரிங் பட்டறையில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். பட்டறைப் பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாங்கிவந்த எல்இடி டப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அண்ணே, இதுல 20,000 லூமென்னு போட்டிருக்கான் பாத்தீங்களா?"

"ஆமாப்பா, அதான் வாங்கினேன்."

"கீழயே 30 வாட்னும் போட்டிருக்கான். ரெண்டும் எப்படிண்ணே ஒண்ணா உண்மையா இருக்கும்?"

அவன் சொன்னது சரியான கணக்கு. இவ்வளவு சின்ன இடத்தில், சூட்டைச் சமாளித்துக்கொண்டு எரிகிற எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமென் கொடுத்தாலே நல்ல சரக்கு. 30 வாட்டுக்கு 3,000 லூமென். டப்பாவில் இருப்பது அதைப்போல ஆறேழு மடங்கு. ஆனால் 3,000 என்பதும் குறைவில்லை. சாதாரண 60/55 வாட் ஹாலஜன் டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் சுமார் 1,650 லூமென்தான் தரும். ஆக, எல்இடியில் வெளிச்சம் கூடும், மின்சாரம் பாதிதான் செலவாகும். பழைய வண்டியின் ஆல்டர்னேட்டருக்கும் நிம்மதி. இதுவரைக்கும் வீடியோ சொன்னது பொய்யில்லை.

பொய் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், 'செருகினால் போதும்' என்ற இடத்தில்.

ஹாலஜன் பல்பைக் கையில் வைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு சுருள் இழைகள் தெரியும். ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகரத் தொட்டி இருக்கும். அந்த இழையின் வெளிச்சத்தில் கீழ்ப்பாதியை அது மறைத்துவிடும். மேல்பாதி மட்டும் பின்னாலிருக்கும் வளைந்த ரிஃப்ளெக்டரில் பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே இறங்கும். அதனால்தான் டிம்மில் ஒரு கோட்டுக்கு மேலே வெளிச்சம் போகாது. கோட்டுக்குக் கீழே ரோடு, மேலே எதிரே வருகிறவரின் கண். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். ஓரத்தில் நடக்கிற ஆளும் மைல்கல்லும் தெரிவதற்காக அந்த ஏற்பாடு. இத்தனையும் அந்த இழை இருக்கிற இடத்தை நம்பித்தான் இருக்கிறது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே வெளிச்சம் வேறெங்கோ போய் விழும்.

எல்இடியில் இழை கிடையாது. ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். பட்டை தடிமனாக இருந்தால், இழை இருக்க வேண்டிய இடத்தில் உலோகத்துண்டும், அதற்கு இரண்டு பக்கமும் தள்ளி வெளிச்சமும் இருக்கும். ரிஃப்ளெக்டர் பாவம், தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும். பாதி வெளிச்சம் ரோட்டுக்கு, மீதி மரத்துக்கும் மேகத்துக்கும் எதிரே வருகிற பஸ் டிரைவரின் முகத்துக்கும்.

இன்னொரு தந்திரமும் இதில் உண்டு. மலிவான எல்இடி பல்புகள் பல, வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடியைத்தான் கொட்டகைப் பந்தல் மாதிரி வெளிச்சமாக்கும். பார்க்கிறவருக்கு 'ஆகா, பகல்' என்று தோன்றும். கிட்டத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண் பாப்பா சுருங்கிவிடும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். தெரிகிற மாதிரி இருக்கும், ஆனால் தெரிய வேண்டியது தெரியாது. பக்கத்து ஜீப்காரரின் சந்தோஷத்தில் எவ்வளவு பங்கு இந்தப் பந்தல் வெளிச்சத்துக்குச் சேரும் என்று சொல்வது கஷ்டம்.

பனிமூட்டத்துக்கு வருவோம். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும், வெள்ளை துளைக்காது என்று டிரைவர்கள் சொல்வது பாதி உண்மை. பனியின் நீர்த்துளிகள் வெளிச்சத்தின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளுக்குத் தனிச் சலுகை இல்லை. ஆனால் நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகம் கூச வைக்கும், அதுவும் வயதானவர்களுக்கு. கூச்சம் தெளிய இளைஞருக்கு ஆகும் நேரத்தைவிட ஐம்பத்தைந்து வயதுக் கண்ணுக்கு அதிக நேரம் ஆகும். ஹாலஜன் வெளிச்சம் 3,200 கெல்வின் அளவில் இளமஞ்சள். கடையில் விற்கிற எல்இடிகள் பெரும்பாலும் 6,000, 6,500 என்று நீலத்தைத் தொடுகின்றன. பிரான்ஸ் நாட்டில் 1930களின் பின்பகுதியிலிருந்து 1993 வரை எல்லா வண்டிகளுக்கும் மஞ்சள் முகப்பு விளக்குதான் சட்டம். கூச்சம் குறையும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

பனியில் உண்மையாகவே உதவுவது, மேலே போகாமல் தாழ்ந்து விழுகிற வெளிச்சம். பிரைட்டைப் போட்டால் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும் என்பது மலையேறிய எல்லோருக்கும் தெரியும். கோடு கலைந்த எல்இடி, டிம்மில் இருக்கும்போதே அந்த வேட்டியைக் கட்டிவிடும். எந்தப் பனிக்குப் பயந்து அவர் எல்இடி வாங்கினாரோ, அந்தப் பனியில்தான் அது முதலில் காலை வாரும்.

கொண்டை ஊசி வளைவுக்கென்று தனிக் கணக்கு வேறு. விளக்கு வண்டியோடு நேராகப் பார்க்கும், ரோடு பக்கவாட்டில் திரும்பும். வளைவில் எவ்வளவு லூமென் இருந்தாலும் அது பள்ளத்தாக்குக்குத்தான் போய்ச் சேரும். அங்கே தேவை தூரத்து வெளிச்சம் இல்லை, இடமும் வலமும் பரவுகிற வெளிச்சம். போதாக்குறைக்கு, வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்பதை டிரைவர்கள் ராத்திரியில் காதைவிடக் கண்ணால்தான் தெரிந்துகொள்கிறார்கள். பாறையில் ஒரு மங்கல் வெளிச்சம் நகர்ந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. இறங்குகிறவர் ஒதுங்கி நின்று டிம் செய்வார், ஏறுகிறவர் போவார். சொல்லாமலே நடக்கிற இந்த மரியாதையில் ஒருவர் கண் இரண்டு விநாடி இருண்டால் என்ன ஆகும் என்று பள்ளத்தின் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கச் சீட்டில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மதினிகளும் அத்தாச்சிகளும்தான்.

இந்தக் கூச்சப் பஞ்சாயத்து எல்இடியோடு வந்ததில்லை. முகப்பு விளக்கின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 வாட் ஹாலஜனைப் போட்டு, ஹோல்டரும் வயரும் உருகி, புகை வந்து நின்ற ஜீப்புகளும் இந்த மலையில் உண்டு. எல்இடி அதற்கு அடுத்த அவதாரம். வயரை உருக்காது என்பது மட்டும் முன்னேற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி விளக்கைப் பற்றியது. வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஓர் ஆளுக்குக் கூசாதபடி வெளிச்சம் நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. எல்இடி, ஹாலஜன் என்ற பேச்சே அதில் இல்லை. கண்தான் அதற்கு அளவு. தவிர, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஹாலஜனுக்கென்று சான்று பெற்ற விளக்கில் எல்இடியைச் செருகினால் அந்தச் சான்று செல்லாது. போடிமெட்டு தாண்டினால் கேரளா. அங்கே மோட்டார் வாகனத் துறை விளக்கு விஷயத்தில் இன்னும் கறார். விபத்து என்று வந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதைக் கிளறலாம்.

அப்படியானால் புது கார்களில் எல்இடி வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. 2007-2008 வாக்கில் லெக்ஸஸ், ஆடி போன்ற விலை உயர்ந்த கார்களில் ஆரம்பித்து, இப்போது நடுத்தரக் குடும்பத்துக் காருக்கும் வந்துவிட்டது. அவற்றில் லென்ஸ், ரிஃப்ளெக்டர், சூடு தணிக்கும் ஏற்பாடு எல்லாமே எல்இடிக்காகவே செய்தவை. பல்பை மட்டும் மாற்றுவதையும் ஒரு நாடு முறைப்படி அனுமதித்திருக்கிறது. ஜெர்மனியில் 2020-ல் ஆஸ்ரம் கம்பெனியின் எல்இடி பல்பு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எந்தக் காரின் எந்த விளக்கில் போடலாம் என்று பரிசோதித்து, பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத காரில் போட்டால் அங்கேயும் தப்பு. அத்தனை சோதனைக்குப் பிறகு கொடுக்கிற அனுமதியை, செல்போனில் ஒரு வீடியோ நாற்பது விநாடியில் கொடுத்துவிடுகிறது.

பட்டறைப் பையன் இதையெல்லாம் இப்படி விளக்கவில்லை. ஒரு மீட்டரை எடுத்து, எரிகிற ஹாலஜனின் பின்னால் வைத்துக் காட்டினான். பேட்டரியில் இருக்கிற வோல்ட்டேஜ் பல்புக்கு வந்து சேரவில்லை.

"அண்ணே, உங்க பல்பு கெடல. வழியிலேயே கரண்டு தீந்து போகுது."

பழைய வண்டிகளில் இதுதான் உண்மையான நோய். விளக்குக்குப் போகிற மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச், டிம்மர் சுவிட்ச், பச்சை பூத்த இணைப்புகள், துருப்பிடித்த எர்த் என்று சுற்றி வருகிறது. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் பத்து சதவீதம் குறைவதில்லை, கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். அதோடு, இருபது வருஷ மழைக்காற்றில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கி, பழைய தட்டு மாதிரி ஆகியிருந்தது. அந்தத் தட்டில் எந்தப் பல்பை வைத்தாலும் பாதிதான் பரிமாறும்.

ஒரு ரிலே செட், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், சுரண்டிச் சுத்தம் செய்த எர்த், வட்ட விளக்குக்குப் புது கண்ணாடி - ரிஃப்ளெக்டர் யூனிட், அதே 60/55 வாட்டில் நல்ல கம்பெனி ஹாலஜன் இரண்டு. வேலை அரை நாள் பிடித்தது. எல்இடி டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது ஜீப் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது. அதைப் போட்டு எரியவிட்டுப் பார்த்த பத்து நிமிஷத்தில் கொடைக்கானல் பண்பலையில் ஒரே இரைச்சல். மலிவு எல்இடிகளின் மின்சுற்று ரேடியோ அலைவரிசையில் குறுக்கிடுவது எல்லா ஊரிலும் உண்டு. பாட்டு இல்லாமல் ஜீப் ஓட்டுவதா என்று அவர் அப்போதே பாதி மனசு மாறிவிட்டதாகப் பட்டறையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எல்இடியே வேண்டும் என்பவர்களுக்கு வட்ட விளக்கு வண்டிகளில் ஒரு வழி இருக்கிறது. பல்பை மட்டும் மாற்றாமல், ஏழு அங்குல அளவிலேயே எல்இடிக்காகச் செய்த முழு விளக்கு யூனிட் கிடைக்கிறது. தரச்சான்று முத்திரை இருக்கிறதா, இடப்பக்கப் போக்குவரத்துக்குச் செய்ததா என்று பார்க்க வேண்டும். வலப்பக்கப் போக்குவரத்துக்குச் செய்ததை வாங்கினால் வெளிச்சக் கோடு எதிரே வருகிறவர் பக்கம்தான் ஏறும். தன் வண்டியில் அதைப் போடலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுவது நல்லது. எஃப்.சி. அன்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட அது சுலபம்.

எந்த விளக்கைப் போட்டாலும் கடைசி வேலை ஒன்று உண்டு. பத்தில் ஒன்பது பேர் அதைச் செய்வதில்லை. குறி பார்ப்பது. சமதளத்தில் சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழே விழுகிற மாதிரி விளக்கின் திருகாணிகளைத் திருப்ப வேண்டும். செலவு ஒரு சாக்பீஸ்.

பட்டறையில் காலி வண்டியில் குறி சரியாக வந்தது. பையன் மட்டும் திருப்தியாகவில்லை.

"அண்ணே, நீங்க என்ன காலி வண்டியாவா மலையேறுறீங்க?"

அது நியாயமான கேள்வி. பின்னால் பாரம் ஏறினால் ஜீப் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், விளக்கும் வானத்தைப் பார்க்கும். அன்று சாயங்காலம் குரங்கணியில் ஒரு வீட்டுச் சுவருக்கு எதிரே ஜீப் நின்றது. மறுநாள் வேலைக்கு வருகிற பெண்களையே கூப்பிட்டு, அவரவர் வழக்கமாக உட்கார்கிற இடத்தில் ஏற்றி உட்கார வைத்தார். எல்லோரும் ஏறியதும் சுவரில் வெளிச்சம் அரைச் சாண் மேலே போய், சாக்பீஸ் கோட்டைத் தாண்டி நின்றது. அதாவது இத்தனை வருஷமாக, டிம் போட்டிருக்கிறோம் என்ற நினைப்போடு எதிரே வந்த ஒவ்வொரு டிரைவரின் கண்ணிலும் அடித்துக்கொண்டுதான் அவர் ஏறியிருக்கிறார்.

ஸ்குரூடிரைவரோடு குனிந்து இடது விளக்கை இறக்கினார். பிறகு வலது. உள்ளேயிருந்து ஒரு மதினி கேட்டாள்: "யண்ணே, சும்மா உக்காந்திருக்கோமே, இதுக்குக் கூலி உண்டா?"

"அசையாம உக்காரு ஆத்தா. நீ அசைஞ்சா வெளிச்சம் அசையுது."

கொஞ்ச நேரம் ஜீப்புக்குள் யாரும் அசையவில்லை. சுவரில் வெளிச்சம் மெல்ல இறங்கி, கோட்டுக்குக் கீழே மூன்று விரல்கடையில் வந்து நின்றது.